விழுவது ஒரு கணக்கு, ஓடுவது ஒரு கணக்கு

சாரல் சீசனில் செய்தித்தாளைப் புரட்டினால் இந்த வரி அடிக்கடி கண்ணில் படும்: குற்றாலம் மெயினருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டுவதால் குளிக்கத் தடை. மற்ற நாட்களில் வளைவுக்கு உள்ளே, பாறையை ஒட்டியே விழுகிற தண்ணீர், வெள்ளத்தன்று மட்டும் ஏன் அத்தனை தூரம் தள்ளி விழ வேண்டும்? தோளில் துண்டோடு காத்து நிற்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "தண்ணி வெயிட்டா வருதுல்லா, அதான்" என்பார்கள்.

தண்ணீர் நிறைய வருவது உண்மைதான். ஆனால் தள்ளி விழுவதற்கு வெயிட் காரணம் இல்லை. கனமான பொருள் சீக்கிரம் விழும், வேகமாக எறிந்தது கொஞ்ச நேரம் விழாமல் போகும், விண்வெளிக்குப் போனால் ஈர்ப்பே கிடையாது என்று விழுவதைப் பற்றி நாம் சர்வசாதாரணமாகச் சொல்லிக்கொள்வதில் நிறையத் தப்பு. பிளஸ் ஒன்னில் சூத்திரத்தை எழுதி மார்க் வாங்கியவர்களும் தெருவுக்கு வந்துவிட்டால் இதையேதான் சொல்கிறார்கள். அதனால் சூத்திரத்தை ஓரமாக வைத்துவிட்டு, வீட்டிலும் வயலிலும் கண்ணுக்கு நேரே பார்க்கக் கூடியதை வைத்துப் பேசலாம்.

## கனமானது முந்துமா?

ஒரு நோட்டுப் புத்தகத்தையும் ஒரு தாளையும் நெஞ்சு உயரத்திலிருந்து ஒன்றாக விடுங்கள். புத்தகம் பொத்தென்று விழும். தாள் ஆடி அசைந்து வந்து சேரும். பார்த்தீர்களா, கனமானதுதான் முதலில் வந்தது என்று தோன்றும்.

இப்போது அதே தாளைக் கசக்கி உருண்டையாக்கிவிட்டு மறுபடி விடுங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகத் தரையைத் தொடும். தாளின் எடை ஒரு துளிகூடக் கூடவில்லை. மாறியது அதன் பரப்பு மட்டும்தான். ஆக, முதல் தடவை தாளைத் தாமதப்படுத்தியது காற்று.

காற்றை ஒதுக்கிவிட்டால் எல்லாம் ஒரே மாதிரி விழும் என்பதற்கு நிலாவைவிட நல்ல இடம் கிடையாது. 1971-இல் அப்பல்லோ 15 பயணத்தில் சென்ற டேவிட் ஸ்காட், ஒரு கையில் சுத்தியலும் மறு கையில் வல்லூறு இறகும் பிடித்து ஒரே நேரத்தில் விட்டார். காற்றே இல்லாத அந்த இடத்தில் இரண்டும் சேர்ந்தே விழுந்தன. அந்த வீடியோ இணையத்தில் இருக்கிறது.

சரி, கனமானதை பூமி அதிக பலத்தோடுதானே இழுக்கிறது? அப்படியிருக்க அது ஏன் முந்தவில்லை? குழப்பமெல்லாம் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையார் தேரை இழுக்கக் கொஞ்சம் பேர் போதும். சுவாமி தேருக்கு ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும். ஆள் கூடிவிட்டதால் சுவாமி தேர் ரத வீதியில் பறக்கிறதா என்ன? இழுக்கிற கை எத்தனை மடங்கு கூடுகிறதோ, அத்தனை மடங்கு அசையச் சண்டித்தனம் செய்கிற பாரமும் கூடிவிடுகிறது. விழும் பொருளிலும் இதே கதைதான். இரண்டு மடங்கு கனமான கல்லைப் பூமி இரண்டு மடங்கு பலமாக இழுக்கிறது. அந்தக் கல் அசைவதற்கு இரண்டு மடங்கு அடம் பிடிக்கிறது. இந்த அடத்துக்கு இயற்பியலில் நிலைமம் என்று பெயர். இழுப்பும் அடமும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுவதால், கூழாங்கல்லும் பாறாங்கல்லும் ஒரே மாதிரி வேகம் பிடிக்கின்றன.

கலிலியோ பைசா கோபுரத்தின் மேலிருந்து குண்டுகளைப் போட்டுக் காட்டினார் என்று பாடப் புத்தகக் கதை ஒன்று உண்டு. அது நடந்ததா என்று வரலாற்று ஆசிரியர்களுக்கே சந்தேகம். சாய்வுப் பலகையில் குண்டுகளை உருட்டி, நேரத்தை அளந்து அவர் செய்த சோதனைதான் நிஜம். அதை அவர் 1638-இல் வெளிவந்த நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். நேராக விழும் குண்டை அந்தக் காலத்துக் கருவிகளால் அளக்க முடியாது, அவ்வளவு வேகம். சாய்வில் உருட்டினால் அதே ஓட்டம் மெதுவாக நடக்கும். கோபுரக் கதையைவிட இந்த யோசனைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இந்த இடத்தில் ஒரு சொல்லை வரையறுத்துக்கொள்வோம். ஈர்ப்பு மட்டும் இழுக்க, வேறெதுவும் தாங்காமல், தள்ளாமல், தடுக்காமல் ஒரு பொருள் நகர்ந்தால் அது தடையற்ற வீழ்ச்சி. மேல்நோக்கி எறிந்த பந்து கையை விட்ட நொடியிலிருந்தே தடையற்ற வீழ்ச்சியில்தான் இருக்கிறது, அது மேலே ஏறிக்கொண்டிருந்தாலும்கூட. இது பலருக்கு வியப்பாக இருக்கும். பின்னால் இதற்கு ஒரு வேலை இருக்கிறது.

## எவ்வளவு வேகம் பிடிக்கும்?

விழும் பொருள் ஒரே வேகத்தில் வருவதில்லை. ஒவ்வொரு வினாடியும் அதன் வேகம் வினாடிக்கு 9.8 மீட்டர் வீதம் கூடிக்கொண்டே போகிறது. இப்படி வேகம் மாறும் வீதத்துக்கு முடுக்கம் என்று பெயர். 9.8 என்பது பொதுவாகச் சொல்லும் எண். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நம் திருநெல்வேலிப் பக்கம் 9.78 என்பதே சரியாக இருக்கும். வித்தியாசம் ஒரு பொருட்டில்லை.

இதைச் செல்போனிலேயே பார்க்கலாம். வெள்ளைச் சுவரில் ஒரு டேப்பைத் தொங்கவிட்டு, அதன் பக்கத்தில் ஒரு கோலிக்குண்டை விட்டு வீடியோ எடுங்கள். வினாடிக்கு 30 படம் எடுக்கும் வீடியோவில் மூன்று மூன்று படமாகத் தாண்டிப் பார்த்தால் 0.1 வினாடி இடைவெளி கிடைக்கும். முதல் இடைவெளியில் சுமார் 5 செ.மீ., அடுத்ததில் 15, அதற்கடுத்ததில் 25, பிறகு 35 என்று குண்டு இறங்கியிருக்கும். அதாவது 1, 3, 5, 7 என்ற விகிதம். ஒற்றைப்படை எண்கள் வரிசையாக வந்து நிற்பதைச் சுவரில் பார்க்கும்போது யாருக்கும் ஒரு சந்தோஷம் வரும்.

கூட்டிப் பார்த்தால் ஒரு வினாடியில் 4.9 மீட்டர், இரண்டு வினாடியில் 19.6 மீட்டர், மூன்று வினாடியில் 44 மீட்டர். ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்து ஆழக் கிணற்றில் ஒரு கல்லைப் போட்டு, தண்ணீரில் விழும் சத்தம் இரண்டு வினாடியில் கேட்டால் தண்ணீர் 60 அடிக்குக் கொஞ்சம் கூடுதலான ஆழத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். சத்தம் மேலே வர ஆகும் நேரம் மிகக் குறைவு, விட்டுவிடலாம்.

20 மீட்டர் பனையின் உச்சியிலிருந்து ஒரு நுங்கு கைதவறினால் தரைக்கு வர இரண்டு வினாடிதான். அதற்குள் அது பிடித்திருக்கும் வேகம் மணிக்கு 70 கி.மீ. ஒற்றை நுங்கானாலும் முழுக் குலையானாலும் இதே கணக்குதான். குலையைக் கயிற்றில் கட்டி இறக்குவதும், கீழே நிற்கிற பிள்ளைகளை "தள்ளிப் போங்கல" என்று விரட்டுவதும் சும்மா இல்லை.

கடையில் வேடிக்கையாகச் செய்யக் கூடிய ஒன்றும் இருக்கிறது. 500 ரூபாய்த் தாளைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு, எதிராளியின் இரண்டு விரலும் தாளின் நடுப்பகுதிக்கு இருபுறமும் தொடாமல் இருக்கும்படி வைக்கச் சொல்லுங்கள். "நான் விடுறப்ப பிடிச்சா நோட்டு உமக்கு" என்று சொல்லிவிட்டு, சைகை காட்டாமல் விடுங்கள். தாளின் நீளம் 15 செ.மீ.; நடுவிலிருந்து மேல் விளிம்பு வரை 7.5 செ.மீ. அவ்வளவு தூரம் விழ 0.12 வினாடி போதும். கண்ணில் பட்டதை விரல் செய்து முடிக்கச் சராசரி மனிதருக்குச் சுமார் 0.2 வினாடி ஆகும். உங்கள் கையைப் பார்த்து முன்கூட்டியே ஊகித்தால் ஒழிய நோட்டு கிடைக்காது.

இதுவரை பார்த்தது: காற்றின் குறுக்கீடு இல்லையென்றால் விழும் வேகத்துக்கு எடை ஒரு பொருட்டே இல்லை, நேரம் ஆக ஆக வேகம் ஒரே சீராகக் கூடும்.

## அப்படியானால் மழை ஏன் நம்மைத் துளைப்பதில்லை?

இரண்டு கி.மீ. உயரத்து மேகத்திலிருந்து வரும் துளி, மேலே சொன்ன கணக்குப்படி மணிக்கு 700 கி.மீ. வேகத்தில் மண்டையில் இறங்க வேண்டும். அப்படி நடப்பதில்லை. வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பும் கூடி, ஒரு கட்டத்தில் ஈர்ப்பின் இழுப்பைச் சமன் செய்துவிடும். அதற்கு மேல் வேகம் ஏறாது. அந்த வேகத்துக்கு முற்றுத் திசைவேகம் என்று பெயர். ஐப்பசி அடைமழையின் பெரிய துளிக்கு இது வினாடிக்கு 9 மீட்டர் அளவில் இருக்கும். அரை மில்லிமீட்டர் சாரல் துளிக்கு வெறும் 2 மீட்டர். குற்றாலச் சாரல் மேலே விழுந்த மாதிரியே தெரியாமல் நனைத்துவிட்டுப் போவது இதனால்தான். இங்கே பெரிய துளி சின்னத் துளியை முந்துகிறது. அன்றாடம் இப்படியே பார்த்துப் பழகியதால்தான் 'கனமானது முந்தும்' என்ற எண்ணம் நமக்குள் ஊறிக் கிடக்கிறது.

## பக்கவாட்டில் எறிந்தால்

இனிதான் விஷயமே. ஒரு பொருளை எறிந்துவிட்டோம், அதற்குப் பிறகு ஈர்ப்பு மட்டுமே அதன்மேல் வேலை செய்கிறது என்றால் அதற்கு எறிபொருள் என்று பெயர். கிட்டிப்புள்ளும் கிரிக்கெட் பந்தும் அருவித் தண்ணீரும் எறிபொருள்தான்.

மேஜை விளிம்பில் ஒரு ஸ்கேலைச் சாய்வாக வையுங்கள். ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். நீட்டிய முனைமேல் ஒரு நாணயம். மேஜைமேல், ஸ்கேலுக்கு முன்னால், விளிம்பை ஒட்டி இன்னொரு நாணயம். ஸ்கேலின் உள்முனையை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, நடுப்பகுதியைப் பக்கவாட்டில் சட்டென்று தட்டுங்கள். முனையில் இருந்த நாணயம் காலடி இழந்து நேராகக் கீழே விழும். மற்றது அடிபட்டு முன்னால் பாய்ந்து தள்ளிப் போய் விழும்.

கண்ணை மூடிக்கொண்டு காதால் கேளுங்கள். தரையில் இரண்டு சத்தம் கேட்காது, ஒன்றுதான் கேட்கும். இன்னும் பலமாகத் தட்டினால் பாய்ந்த நாணயம் கட்டிலுக்கு அடியில் போய்ச் சேரும், ஆனாலும் சத்தம் ஒன்றுதான். 75 செ.மீ. உயர மேஜையிலிருந்து தரைக்கு வர 0.39 வினாடி. சும்மா விழுந்ததற்கும் அதே நேரம், பறந்து போனதற்கும் அதே நேரம்.

முன்னால் ஓடுவது ஒரு கணக்கு, கீழே விழுவது இன்னொரு கணக்கு. ஒன்றின் கணக்கில் மற்றது கை வைப்பதில்லை. முன்னோக்கிய வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ ஆள் இல்லாததால் அது அப்படியே இருக்கும். கீழ்நோக்கிய வேகம் மட்டும் வினாடிக்கு வினாடி கூடும். இரண்டும் சேர்ந்து வரைகிற வளைவுக்குப் பரவளையம் என்று பெயர்.

திருச்செந்தூர் பாசஞ்சரில் உட்கார்ந்துகொண்டு ஒரு நாணயத்தைச் சுண்டிப் பாருங்கள். ரயில் ஓடிக்கொண்டிருந்தாலும் அது உங்கள் கைக்கே திரும்பி வரும். ரயிலோடு முன்னால் போகும் வேகத்தை அது விட்டுவிடவில்லை. பிளாட்பாரத்தில் நிற்பவர் கண்ணுக்கு அந்த நாணயம் ஒரு நீண்ட பரவளையத்தில் போகும். உங்களுக்கோ நேர் மேலே போய் நேர் கீழே வரும்.

இப்போது மெயினருவிக்குப் போவோம். மேலிருந்து வரும் தண்ணீர் ஒரே பாய்ச்சலில் தரைக்கு வருவதில்லை. நடுவில் பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து, பொங்கி, அங்கிருந்து வெளியே பாய்கிறது. அந்த விளிம்பிலிருந்து கீழே 20 மீட்டர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், தண்ணீர் இறங்க 2 வினாடி ஆகும். வறட்சியிலும் 2 வினாடி, வெள்ளத்திலும் 2 வினாடி. ஓட்டம் மெல்லியதாக இருந்தால் பாறையின் உராய்வு அதன் வேகத்தைத் தின்றுவிடும். விளிம்பை விடும்போது வினாடிக்கு 1 மீட்டர் வேகம் என்றால் 2 மீட்டர் தள்ளி விழும். பெருக்கு வந்து ஆழம் கூடினால் உராய்வால் அதைப் பெரிதாகக் கட்டுப்படுத்த முடியாது, வேகம் ஏறும். 4 மீட்டர் வேகம் என்றால் 8 மீட்டர் தள்ளி விழும். வளைவைத் தாண்டும் காரணம் அந்தக் கிடைமட்ட வேகம். தண்ணீரோடு கல்லும் கட்டையும் வந்தால் அவையும் அதே தூரம் தள்ளி வந்துதான் விழும். போலீஸ்காரர் விசில் அடித்தால் உடனே விலகிவிட வேண்டும்.

## பம்புசெட்டில் ஒரு பயனுள்ள கணக்கு

கடையம், அம்பாசமுத்திரம் பக்கம் பம்புசெட் வைத்திருப்பவர்களுக்கு இது கைகொடுக்கும். மோட்டார் எவ்வளவு தண்ணீர் இறைக்கிறது என்று மீட்டர் இல்லாமலே ஒரு ஸ்கேலை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

தொட்டியில் தண்ணீர் விழும் குழாய் கிடைமட்டமாக, ரசமட்டம் வைத்துப் பார்த்தாலும் சாயாத மாதிரி இருக்க வேண்டும். தண்ணீர் குழாய் நிறைய வர வேண்டும். குழாய் வாயின் மேல் விளிம்பிலிருந்து கிடைமட்டமாக ஒரு கம்பை நீட்டி, தண்ணீரின் மேற்பரப்பு அந்தக் கம்பிலிருந்து சரியாக 30 செ.மீ. கீழே இறங்கியிருக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். வாயிலிருந்து அந்த இடம் எவ்வளவு தூரம்? 50 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

30 செ.மீ. விழ எதற்கும் 0.25 வினாடி ஆகும். அது நாணயமா தண்ணீரா என்று ஈர்ப்பு பார்ப்பதில்லை. அந்தக் கால் வினாடியில் தண்ணீர் அரை மீட்டர் முன்னேறியிருக்கிறது. ஆக, குழாயை விட்டு வெளியே வரும் வேகம் வினாடிக்கு 2 மீட்டர். உள்விட்டம் 7.5 செ.மீ. உள்ள மூன்று இஞ்ச் குழாய் என்றால், அந்த வேகத்தில் வினாடிக்கு 9 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரும். ஆயிரம் லிட்டர் தொட்டி இரண்டு நிமிடத்துக்குள் நிறைய வேண்டும். சித்திரையில் ஒரு தடவை, கார்த்திகையில் ஒரு தடவை அளந்து எழுதி வைத்தால், கிணற்று நீர்மட்டம் இறங்குவதும் மோட்டார் சோர்ந்து போவதும் தெரிந்துவிடும். தூரம் பாதியானால் தண்ணீரும் பாதி. குழாயை மாற்றாத வரை வேறு கணக்கே வேண்டாம்.

சாய்த்து எறிவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோட்டத்து ஹோஸைத் தரை மட்டத்தில் பிடித்து மெல்ல நிமிர்த்தினால், ஏறத்தாழ 45 டிகிரியில் தண்ணீர் அதிக தூரம் போகும். 30 டிகிரியிலும் 60 டிகிரியிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழும். ஒன்று தாழப் போய்ச் சீக்கிரம் விழுகிறது, மற்றது உயரப் போய் நிதானமாக வருகிறது. தோள் உயரத்திலிருந்து பந்தை எறியும்போது 45-ஐ விடக் கொஞ்சம் தாழ்வான கோணம்தான் அதிக தூரம் தரும்.

## பாட்டிலை மாடியிலிருந்து விட்டால்

ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில், அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் கோணி ஊசியால் ஓர் ஓட்டை போடுங்கள். தண்ணீர் நிரப்பி, மூடியைக் கழற்றினால் ஓட்டை வழியே தண்ணீர் பீய்ச்சும். அப்படிப் பீய்ச்சிக்கொண்டிருக்கும்போதே மொட்டைமாடியிலிருந்து பாட்டிலை விட்டுவிடுங்கள். கீழே ஆள் இல்லையே என்று பார்த்துக்கொண்டு, ஒருவர் ஓரமாக நின்று செல்போனில் ஸ்லோமோஷன் எடுக்கட்டும்.

விழுகிற நேரம் முழுக்க ஓட்டையிலிருந்து தண்ணீர் வராது. அடைத்து வைத்த மாதிரி நின்றுவிடும்.

கையில் இருக்கும்போது மேலே உள்ள தண்ணீர் கீழே உள்ள தண்ணீரை அமுக்குகிறது. அந்த அமுக்கத்தால்தான் அது பீய்ச்சுகிறது. விட்ட பிறகு பாட்டிலும் மேல் தண்ணீரும் கீழ்த் தண்ணீரும் ஒரே மாதிரி விழுகின்றன. யாரும் யாரையும் முந்தவில்லை, அதனால் யாரும் யாரையும் அமுக்கவும் இல்லை. பாட்டிலைக் கீழே விடாமல் மேல்நோக்கி எறிந்து பாருங்கள். ஏறும்போதும் தண்ணீர் நின்றுதான் இருக்கும். மேலே போகும் பந்தும் தடையற்ற வீழ்ச்சியில்தான் இருக்கிறது என்று முன்பு சொன்னதற்கு இதுதான் சாட்சி.

பாட்டிலுக்குள் ஓர் எறும்பு இருந்திருந்தால் அது தனக்கு எடையே இல்லாதது போல உணர்ந்திருக்கும். ஈர்ப்பு எங்கேயும் போய்விடவில்லை. தாங்குகிற தரைதான் இல்லை.

## விண்வெளிக்காரர்கள் மிதப்பது

சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஆட்கள் மிதப்பதைப் பார்த்து, அங்கே ஈர்ப்பு கிடையாது என்று சொல்வதுதான் எல்லாவற்றிலும் பெரிய குழப்பம். நிலையம் பறப்பது சுமார் 400 கி.மீ. உயரத்தில். அங்கே ஈர்ப்பின் முடுக்கம் 8.7, தரையில் இருப்பதில் பத்தில் ஒன்பது பங்கு அப்படியே இருக்கிறது. நிலையமும் உள்ளே இருப்பவர்களும் சேர்ந்து விழுந்துகொண்டிருக்கிறார்கள், பாட்டிலும் தண்ணீரும் போல.

விழுகிறார்கள் என்றால் ஏன் தரைக்கு வரவில்லை? நியூட்டன் சொன்ன யோசனையை நம் ஊருக்குக் கொண்டுவருவோம். பொதிகை உச்சியில் ஒரு பீரங்கி. காற்றே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். குண்டைக் கிடைமட்டமாக வினாடிக்கு அரை கி.மீ. வேகத்தில் சுட்டால், ஏறத்தாழ 10 கி.மீ. தள்ளிச் சமவெளியில் விழும். வேகத்தைக் கூட்டினால் இன்னும் தள்ளி, கடலைத் தாண்டி விழும். பூமி உருண்டை என்பதால் தரையும் வளைந்து கீழே இறங்கிக்கொண்டே போகிறது: 8 கி.மீ. போனால் ஏறத்தாழ 5 மீட்டர் இறங்கியிருக்கும். எந்தப் பொருளும் முதல் வினாடியில் விழுவது 4.9 மீட்டர். ஆகவே வினாடிக்கு 8 கி.மீ. வேகத்தில் போகும் குண்டு எவ்வளவு விழுகிறதோ, அவ்வளவு தரையும் விலகிக்கொடுக்கிறது. விழுந்துகொண்டே இருக்கும், தரை சிக்காது. திருநெல்வேலியிலிருந்து கன்னியாகுமரிக்குப் பத்து வினாடிக்குள் போய்விடும் வேகம் அது.

விண்வெளி நிலையத்தின் வேகம் வினாடிக்குச் சுமார் 7.7 கி.மீ.; ஒன்றரை மணி நேரத்தில் பூமியை ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறது. அந்த உயரத்துக்குத் தூக்குவது மட்டும் பெரிய வேலை இல்லை. ஒரு கிலோவை 400 கி.மீ. உயர்த்த எவ்வளவு ஆற்றல் வேண்டுமோ, அதைப் போல ஏறத்தாழ எட்டு மடங்கு அந்தப் பக்கவாட்டு வேகத்தைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. மகேந்திரகிரியில் இஸ்ரோ எரியவிட்டுச் சோதிக்கும் எஞ்சின்களின் உழைப்பில் பெரும்பகுதி இதற்குத்தான் போகிறது. ஏவிய கொஞ்ச நேரத்திலேயே ராக்கெட் சாய்ந்து பக்கவாட்டில் ஓடத் தொடங்குவதும் இதற்காகத்தான். அதை டிவியில் பார்த்துவிட்டு "ஐயோ, சாயுதே" என்று பதறத் தேவையில்லை.